நனையாத மணல்

விவசாயப் போதனாசிரியராக இந்த வருடம் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். "துணிவைப் பற்றி எழுதுங்கோவன், பிள்ளையளுக்குப் பிரயோசனமாய் இருக்கும்" என்றார் கேட்டவர். அவர் என்னோடு வேலை செய்தவரல்லர். துணிவைப் பற்றி நான் எழுதுவது, ஆட்டிறைச்சிக் கறியைப் பற்றிக் கோயில் ஐயர் எழுதுவதற்குச் சமம். எனக்குத் தெரிந்தது பயம். அதில் எனக்கு நீண்ட சேவைக்காலம் இருக்கிறது. ஐம்பத்தைந்தில் ஓய்வு பெற்றபோது ஓய்வூதியம் கணக்குப் பார்த்தவர்கள் அதைச் சேர்க்காமல் விட்டார்கள் என்பதுதான் என் மனக்குறை.

நான் பயந்தவற்றை எல்லாம் எழுதப் புகுந்தால் கடதாசி காணாது. தோட்டத்து நாய்களுக்குப் பயந்தேன். கட்டில்லாத கிணறுகளுக்குப் பயந்தேன். எல்லாவற்றிலும் கூடுதலாக, குனிந்து நின்று களை பிடுங்கும் விவசாயிக்குப் பயந்தேன். ஏனென்றால் அவர் எப்படியும் நிமிர்வார். நிமிர்ந்தால் ஒரு கேள்வி கேட்பார்.

நான் சண்டிலிப்பாய்க்காரன். செம்மண்ணில் பிறந்து, செம்மண்ணில் விழுந்து முழங்கால் உரஞ்சி வளர்ந்தவன். செம்மண் ஒளிவுமறைவு இல்லாத மண். தண்ணீர் வேண்டுமென்றால் வெடித்துக் காட்டும், போதுமென்றால் காலில் ஒட்டும். போட்ட எருவைப் பத்திரமாக வைத்திருந்து பயிருக்குக் கொடுக்கும். அப்படிப்பட்ட இடத்தில் இருந்த என்னைக் கொடிகாமம் பக்கம் மாற்றினார்கள். கொடிகாமத்துக்கு அப்பால் கடலை நோக்கிப் போகப் போக மண் வெளுத்து, இளகி, கடைசியில் வெறும் மணலாகிவிடும். மணல் வேறு சாதி. காலையில் ஊற்றிய தண்ணீரை மத்தியானம் கேட்டால் "எந்தத் தண்ணி?" என்று கேட்கும். ஒரேயடியாகப் போட்ட யூரியா அடுத்த மழையோடு கிணற்றுக்குப் போய்ச் சேரும். வெயிலில் சுடும், பனியில் குளிரும். வேர் ஓடுவதற்கு மட்டும் தடையில்லை. ஆனால் ஓடிய வேருக்கு அங்கே சாப்பாடு இருக்காது. ஆகவே மணலில் பயிர் செய்கிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரும், கொஞ்சம் கொஞ்சமாகப் பசளையும், நிறைய இலைகுழையும் எருவும் கொடுப்பார்கள். இதெல்லாம் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். எனக்கும் படிப்பித்தார்கள். நான் சொல்லப்போகும் நாளில் அதில் ஒரு சொல்கூட என் தலையில் நிற்கவில்லை.

அன்று கந்தோருக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் பவளராணி என்றாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சைக்கிளை வெளியில் விட்டுவிட்டு, வாசலில் கொஞ்ச நேரம் நின்று எங்கள் எல்லாரையும் பார்த்தாள். பிறகு நேரே என் மேசைக்கு வந்தாள். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"சேர், எங்கடை மிளகாய்க் கண்டு சாகுது."

"தண்ணி விடுறியளோ?"

"ரெண்டு நேரமும் விடுறம் சேர். விட விடச் சாகுது. கிட்டக் கிட்ட நிக்கிற கண்டிலை ஒண்டு பச்சையாய் நிக்குது, மற்றது கருகிப் போகுது."

"சரி, நாளைக்கு வந்து பாக்கிறன்."

"நாளைக்கு வேண்டாம் சேர். இண்டைக்கு வாங்கோ." குரலைத் தாழ்த்தினாள். "என்ரை அண்ணைதான் நஞ்சடிச்சவர் எண்டு இவர் சொல்லுறார். அண்ணை போன கிழமை தன்ரை பக்கத்து வேலிக்கரைக்குக் களைநாசினி அடிச்சவர். இவர் விடியக் காத்தாலையிலை இருந்து கத்தியோடை தோட்டத்துக்கை இருக்கிறார். சாப்பிடேல்லை. கதைக்கேல்லை."

நான் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"பிள்ளை, அது பொலிசுக்குச் சொல்லவேண்டிய அலுவல்."

"பொலிசு வந்தா ரெண்டு பேரிலை ஒராள் மறியல் வீட்டுக்குப் போவார். எனக்கு ரெண்டு பேரும் வேணும்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். "நீங்கள் வந்து பாத்திட்டு, நஞ்சில்லை எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா இவர் கேப்பார்."

"பாக்க முதல் எப்பிடிச் சொல்லுறது?"

"பாத்திட்டுச் சொல்லுங்கோ. ஆனா அதைத்தான் சொல்லுங்கோ."

விஷயம் இதுதான். பவளராணிக்குத் தகப்பன் சீதனமாகக் கொடுத்த காணியில் வேலியோரமாகச் சவுக்கு மரங்கள் நின்றன. அவளுக்கு நினைவு தெரிந்த நாள் முதலாய் நின்றவை. காணி தங்கைக்கு, மரம் எனக்கு என்று தமையன் தவராசா நினைத்திருந்தார். கணவன் கணேசன் அப்படி நினைக்கவில்லை. மாரிக்கு முதல் மரங்களை வெட்டி விற்று, சருகைக் கூட்டி அந்த இடத்திலேயே எரித்து, நிலத்தைக் கொத்திப் பாத்தி கட்டி மிளகாய் நட்டுவிட்டான். தமையன் வேலிக்கு அங்கால் நின்று, "உந்த இடத்திலை நீ என்னத்தை வைச்சாலும் தழைக்காது" என்று சொன்னாராம். அதை நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். இப்போது தழைக்கவில்லை.

அவள் சைக்கிளில் முன்னால் போக, நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். தார் வீதி முடிந்து மணல் ஒழுங்கை தொடங்கியதும் என் சில்லு புதைந்தது. உங்களுக்கு உள்ளதைச் சொன்னால் என்ன, எனக்குப் பெரிய நிம்மதி. வாகனம் போகாத இடத்துக்கு அரசாங்க உத்தியோகத்தர் எப்படிப் போவது? திரும்புவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. நான் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு இறங்கினேன். அவள் தன் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்து, ஒன்றும் பேசாமல் என் மோட்டார் சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கினாள். ஒழுங்கை முடியுமட்டும் தள்ளினாள்.

தோட்டத்து வாசலில் நின்று பார்த்தேன். கணேசன் வரம்பில் குந்தியிருந்தான். கையில் கொடுவாக்கத்தி. ஒரு பூவரசந் தடியைச் சீவிக்கொண்டிருந்தான். தடி முடிந்து, அவன் காலடியில் சீவல் மட்டும் குவிந்திருந்தது. கையில் மிஞ்சியிருந்த குச்சியையும் விடாமல் சீவிக்கொண்டிருந்தான். வேலியில் ஓலை பிரிந்திருந்த இடத்தால் அங்கால் தவராசா தெரிந்தார். வேலி அடைப்பவர்போல ஓலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் அவர் கையில் கயிறு இல்லை. காலடியில் குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கு கிடந்தது. ஓலை கட்டுவதற்கு எதற்கு அலவாங்கு என்று யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது.

"சேர், பாருங்கோ" என்றான் கணேசன். எழும்பவில்லை. "பாத்திட்டு ஒரு சொல் சொல்லுங்கோ. எனக்கு அது காணும்."

நான் பாத்திகளுக்குள் போனேன். அவள் சொன்னது சரி. பச்சைப்பசேலென்று ஒரு கன்று. சாண் தள்ளி, நுனியிலிருந்து கருகி, தலை தொங்கிய இன்னொன்று. திட்டுத் திட்டாகச் சாவு. வியாதி இப்படித் திட்டாக வரலாம். பூச்சியும் வரலாம். நஞ்சும் காற்றில் சிதறினால் இப்படித்தான் விழலாம். களைநாசினி பட்ட இலைக்கு அடையாளம் உண்டு. அது என்ன அடையாளம் என்று கேட்டால் நித்திரையிலும் சொல்லக்கூடியவன் நான். அந்த நேரம் எனக்கு என் மனைவியின் முழுப்பெயர்கூட நினைவில் இல்லை. ஓர் இலையைப் பிடுங்கி வெயிலுக்குப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

கணேசன் எழும்பினான். "என்ன சேர் தலையாட்டுறியள்? நஞ்சுதானே?"

"அது… மண்ணை எடுத்துத் திருநெல்வேலி ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிப் பாக்கவேணும்."

"முடிவு வர எவ்வளவு காலம்?"

"ரெண்டு, மூண்டு கிழமை."

"ரெண்டு மூண்டு கிழமைக்கும் உவன் வேலிக்கு அங்காலை நிண்டு சிரிக்க, நான் தண்ணி விட்டுக்கொண்டு இருக்கிறதோ?"

"ஆரடா சிரிச்சது?" என்றது வேலி.

"நீதான்ரா. உன்ரை வாயாலை சொல்லித்தானே செய்தனி."

"ஓம், சொன்னனான். இப்பவும் சொல்லுறன். என்ரை அப்பு வைச்ச மரத்தை வெட்டின இடம்."

அலவாங்கு மணலில் இழுபடும் சத்தம் கேட்டது. பவளராணி வேலிக்கும் கணவனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். கணவனையும் பார்க்கவில்லை, தமையனையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒரே கருத்துத்தான்: சொல்லுங்கோ.

பிள்ளைகளே, இந்த வேலையில் உங்கள் வாய்க்கு வெளியே ஆட்கள் பதிலோடு காத்திருப்பார்கள். உங்கள் வாயைத் திறந்து அதை உள்ளே வைத்து, திரும்ப எடுத்துக்கொண்டு போவதற்கு வருவார்கள். கணேசனுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது, அவன் மனைவிக்கு இன்னொன்று. "நஞ்சில்லை" என்று சொல்ல என் நாக்குப் புறப்பட்டுவிட்டது. அன்றைக்கு அது எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கும். ஆனால் மற்றக் கன்றுகளும் செத்துக்கொண்டே போகும்போது, நான் பொய் சொன்னேன் என்று கணேசன் கண்டுபிடிப்பான். பிறகு அவன் யாரையும் கூப்பிட்டுக் கேட்கமாட்டான். இதையெல்லாம் அன்று நான் ஆறுதலாக யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். அன்று என் யோசனை, வேலியில் எந்தப் பொத்தலால் என் உடம்பு போகும் என்பது மட்டும்தான்.

அப்போது என் கால்கள் என்னைக் கேட்காமல் மடங்கின. பாத்திக்கு நடுவே, இரண்டு செத்த கன்றுகளுக்கிடையில், பொத்தென்று இருந்துவிட்டேன். விழாமல் இருக்க இரண்டு கையையும் மணலுக்குள் ஊன்றினேன். அன்று விடியத் தண்ணீர் விட்ட பாத்தி அது. மேல்மணல் கறுத்து, நனைந்து, குளிர்ந்திருந்தது. கை மணிக்கட்டு வரைக்கும் இறங்கியது. இறங்கியதும் எனக்கு விளங்கிவிட்டது, என் கதை முடிந்ததென்று. ஏனென்றால் விரல்களில் ஈரம் தெரியவில்லை. நனைந்த மணலுக்குள் கை இருக்கிறது, விரலில் உணர்ச்சியில்லை. பாரிசவாதம். என் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் கையில் தொடங்கியது. இந்த மிளகாய்த் தோட்டத்தில், இரண்டு பேருக்கு நடுவில், ஒரு கத்திக்கும் ஒரு அலவாங்குக்கும் வேலை வைக்காமல் நானாகவே சாகப்போகிறேன் என்று நினைத்தேன்.

"என்ன சேர், என்ன செய்யுது?" என்று பவளராணி ஓடிவந்தாள்.

"கை… கை விளங்கேல்லை" என்று சொல்லிக்கொண்டு கையை வெளியே இழுத்தேன்.

கை நன்றாகவே விளங்கியது. விரல்கள் ஐந்தும் ஆடின. அவற்றிலிருந்து மணல் கொட்டுண்டது. இடித்து வறுத்த மாவைப்போல, உலர்ந்து, சூடாக. ஒரு துளி ஈரம் இல்லை.

நான் மறுபடி கையை விட்டேன். மேலே பெருவிரல் நகத்தளவுக்கு ஈரம். அதற்குக் கீழே மாவு. செத்த மற்றக் கன்றடிக்குத் தவழ்ந்து போனேன். எழும்பிப் போயிருக்கலாம், ஆனால் கால்களோடு எனக்கு இன்னும் சமாதானம் ஏற்படவில்லை. அங்கேயும் மாவு. பச்சையாக நின்ற கன்றடியில் விட்டேன். கீழே போகப் போகக் குளிர்ச்சி.

"தங்கச்சி, ஒரு செம்பிலை தண்ணி கொண்டுவா."

"குடிக்கவோ சேர்?"

"இல்லை. ஓம், குடிக்கவுந்தான். கூடக் கொண்டுவா."

மேல்மணலை வழித்துவிட்டு, கீழே இருந்த உலர்ந்த மணலில் கையால் ஒரு குழி செய்து, செம்பிலிருந்து கொஞ்சம் ஊற்றினேன். தண்ணீர் இறங்கவில்லை. சேம்பிலையில் நிற்பதுபோலத் திரண்டு, முத்தாகி, தூசியைப் போர்த்திக்கொண்டு உருண்டு ஒரு மூலையில் போய் நின்றது. மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்கிறது. நான் அதுவரை வாசித்துத்தான் இருந்தேன், கண்டதில்லை. சவுக்குச் சருகு வருடக்கணக்காக உக்கும்போது அதிலுள்ள மெழுகு ஒவ்வொரு மணல்துகளிலும் பூசிக்கொள்ளும். அந்த இடத்திலேயே எரித்தால் இன்னும் மோசம். அப்படிப்பட்ட மணல் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. விடுகிற தண்ணீர் மேலே படர்ந்து, வழி கண்ட இடத்தால் மட்டும் இறங்கிப் போகும். வழியில் நின்ற கன்று பிழைக்கும். மற்றது ஈரத்துக்கு நடுவிலே தாகத்தால் சாகும்.

கணேசன் வந்து எனக்குப் பக்கத்தில் குந்தினான். கத்தி கையில்தான் இருந்தது. அந்தக் கத்தியை நான் பார்க்கவில்லை என்பதுபோல் நடந்துகொள்ள எவ்வளவு பாடுபட்டேன் என்று உங்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

"இன்னொரு இடத்திலை ஊத்துங்கோ" என்றான். என்னை நம்பவில்லை. அது நல்லது.

"நீரே ஊத்தும். இடத்தையும் நீரே தெரிஞ்செடும்."

அவன் கத்தியை மணலில் வைத்துவிட்டுச் செம்பை வாங்கினான். தான் விரும்பிய ஒரு செத்த கன்றடியை வழித்து ஊற்றினான். நின்றது. இன்னொன்று. நின்றது. எழும்பி, வேலிக்கரைக்குப் போய்த் தோண்டினான். அங்கே ஓர் அறுகம்புல் செழிப்பாக நிற்பதை அப்போதுதான் நான் கண்டேன். தவராசா அடித்த களைநாசினிக்கு மிளகாயைவிடக் கிட்ட நின்றது அந்தப் புல். நஞ்சு இங்கால் வந்திருந்தால் முதலில் அதுதான் போயிருக்கவேண்டும். வந்த உடனே பார்த்திருக்கவேண்டிய புல் அது. அதைக் கையால் காட்டினேன். கணேசன் குனிந்து அதன் தாளை விரலால் தடவிப் பார்த்தான்.

ஓலை பிரிந்த இடத்தால் ஒரு கை நீண்டது. கை நிறைய மணல். "இதிலை ஊத்திப் பார்" என்றார் தவராசா. கணேசன் தயங்கினான். பவளராணி செம்பை வாங்கி, தமையன் கையிலேயே ஊற்றினாள். தண்ணீர் மணலுக்குள் மறைந்து, விரலிடுக்கால் சொட்டியது. அந்தப் பக்கம் வருடக்கணக்காக நிலக்கடலை போட்ட தரை.

எல்லாம் முடிந்தது என்று மூச்சு விட்டேன். அப்போது தவராசா வாயைத் திறந்தார்.

"நான் சொன்னனான்தானே, மரத்தை வெட்டின இடத்திலை தழைக்காதெண்டு."

கணேசனின் கழுத்து திரும்பியது. என் இதயம் திரும்பவும் கந்தோரை நோக்கிப் புறப்பட்டது. அந்த நேரம் நான் செய்த ஒரேயொரு புத்தியான காரியத்தைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: யோசிக்க நேரம் கொடுக்காமல் வேலை கொடுத்தேன்.

"கணேசன், பச்சையாய் நிக்கிறதுகளும் உப்பிடியே விட்டா இந்தக் கிழமைக்குள்ளை போயிடும். கதைக்க நேரமில்லை. ஒவ்வொரு கண்டடியிலையும் தடியாலை குத்தி, கொஞ்சங் கொஞ்சமாய் ஊத்தி, கையாலை ஈரத்தையும் உலர்ந்ததையும் பிசையவேணும். குளத்துக் களிமண் வேணும், கரைச்சு ஊத்த. குழை வேணும், நிறைய. உம்மடை ரெண்டு கை காணாது."

தவராசா மன்னிப்புக் கேட்கவில்லை, கணேசனும் கேட்கவில்லை. தமிழ்ப் படத்தில் வருவதுபோல் ஒருவரையொருவர் கட்டிப்பிடிக்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அங்கால் தண்ணீர் இறைக்கும் மிசின் சத்தம் கேட்டது. நீளக் குழாய் ஒன்றின் நுனி, ஓலை பிரிந்த இடத்தால் இங்கால் எட்டிப் பார்த்தது. கணேசன் அதை எடுக்கவில்லை. பவளராணி எடுத்தாள். இருட்டுப்படுமுன் கணேசன் முழங்காலில் நின்று பாத்தியைப் பிசைந்துகொண்டிருந்தான். குழாய் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று அவனுக்குத் தெரியாதாம்.

கன்றுகள் எல்லாம் பிழைக்கவில்லை. பாதிக்கு மேல் போய்விட்டன. நான் அடிக்கடி போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒழுங்கை முகப்பில் நின்று, சத்தம் ஏதும் கேட்கிறதா என்று காது கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். களியும் குழையும் சேர்ந்த பிறகு அடுத்த முறை நட்டது நின்றது.

அன்று நான் வெளிக்கிட்டபோது பவளராணி திரும்பவும் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தார் வீதி வரைக்கும் வந்தாள். அவள் கைகளும் சட்டையும் மணல். மூச்சு வாங்க நின்றாள்.

"சேர், ஒண்டு கேக்கட்டோ?"

"கேள் பிள்ளை."

"உண்மையிலை நஞ்சாய் இருந்திருந்தா, என்ன சொல்லியிருப்பியள்?"

நல்ல பதில்கள் இரண்டு மூன்று இருந்தன. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அந்த இடத்தில் வாயில் வந்தது ஒன்றுதான்.

"தெரியேல்லை, தங்கச்சி."

"எனக்குத் தெரியும்" என்றாள். "இல்லையெண்டுதான் சொல்லியிருப்பியள். கந்தோரிலை வேறை சேர்மாரும் இருந்தவை. நான் வாசல்லை நிண்டு ஒவ்வொராளாய்ப் பாத்தனான். அப்ப ஒரு குளவி உங்கடை மேசைக்கு வந்தது. நீங்கள் கதிரையையும் தட்டிவிட்டிட்டு எழும்பி ஓடின ஓட்டத்தைப் பாத்திட்டுத்தான், இந்தச் சேரைக் கூட்டிக்கொண்டு போவம் எண்டு உங்களிட்டை வந்தனான்."

"அது பெரிய குளவி, பிள்ளை" என்றேன்.

"ஓம் சேர்" என்றாள் அவள், சிரிக்காமல்.

வீதி முழுவதும் அவள் கணித்தது சரியா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சரியென்றுதான் நினைக்கிறேன். நஞ்சாக இருந்திருந்தால் நான் இல்லையென்றே சொல்லியிருப்பேன். அது அவளுக்கு நல்லதாய் முடிந்திருக்குமா, கெட்டதாய் முடிந்திருக்குமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உங்கள் கந்தோர் வாசலிலும் யாராவது நின்று, உள்ளே வருமுன் உங்களை ஒருமுறை பார்ப்பார்கள். எதற்காக உங்களைத் தெரிவு செய்தார்கள் என்று அவர்கள் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். போகும் வழியிலேயே அதைக் கொஞ்சம் யோசித்துக்கொண்டு போங்கள்.